லாப்ரடார் சாதுவா, சொன்ன பேச்சைக் கேட்குமா?

கேட்டவரின் நிலைமை இது: கோவையில் மூன்றாம் மாடி ஃபிளாட், லிஃப்ட் உண்டு. ஒன்பது வயதில் ஒரு பெண், நாலு வயதில் ஒரு பையன், முழங்கால் வலியோடு மாமியார், வேலைக்குப் போகும் கணவன் மனைவி. "லாப்ரடார் வாங்கினால் பிரச்சினையே இல்லை, குழந்தைகளோடு தானாகப் பழகிக்கொள்ளும், ட்ரெய்னிங்கெல்லாம் தேவையே இல்லை என்கிறார்கள். நம்பலாமா? ஆணா பெண்ணா? எந்த நிறம்?"

பாதி நம்பலாம். மனிதர்களோடு ஒட்டிக்கொள்வதிலும் சொல்லிக்கொடுத்ததைப் பிடித்துக்கொள்வதிலும் லாப்ரடாருக்கு ஈடான வீட்டு நாய்கள் குறைவு. "ட்ரெய்னிங் தேவையே இல்லை" என்பதை மட்டும் நம்பாதீர்கள். நீங்கள் யார் வீட்டிலோ பார்த்து ஆசைப்பட்ட லாப்ரடாருக்கு அநேகமாக நாலைந்து வயது இருக்கும். ஹாலில் ஃபேனுக்கு அடியில் படுத்துக்கிடக்கும், பிள்ளைகள் தாண்டிப் போனாலும் வாலை மட்டும் இரண்டு தட்டு தட்டும். அதே நாய் ஒன்றரை வயதில் என்ன செய்தது என்று அந்த வீட்டாரைக் கேட்டுப் பாருங்கள். முதலில் சிரிப்பார்கள், அப்புறம் ரிமோட், செருப்பு, சோபாக் கால், தாத்தாவின் கண்ணாடி என்று ஒவ்வொன்றாகச் சொல்வார்கள்.

நாய்களைப் பழக்கிக்கொடுப்பது என் தொழில். என்னைத் தேடி வருகிறவர்களில் லாப்ரடார் வைத்திருப்பவர்களே அதிகம். அது கெட்ட நாய் என்பதால் அல்ல. நல்ல நாய் என்ற நம்பிக்கையில் யாரும் எதையும் சொல்லிக்கொடுக்காமல் ஒரு வருடம் விட்டுவிடுவதால். சீக்கிரம் பழகுவதற்கும் வீட்டை இரண்டாக்குவதற்கும் காரணம் ஒன்றேதான். லாப்ரடாருக்கு எல்லாவற்றின் மேலும் ஆசை. சோற்றின் மேல், மனிதர்கள் மேல், வாயில் கவ்வக் கிடைக்கும் எதன் மேலும். அந்த ஆசையை நீங்கள் பயன்படுத்திக்கொண்டால் அது பழகிய நாய். நீங்கள் பயன்படுத்தாவிட்டால் அது தானே ஒரு வேலையைத் தேடிக்கொள்ளும்.

இந்த ஆசைகள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்துகொண்டால் பாதிக் கோபம் குறையும். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரையில் மீனவர்களிடம் செயின்ட் ஜான்ஸ் நாய் என்றொரு வகை இருந்தது. படகோடு கடலுக்குப் போகும், வலைக் கயிற்றைக் கவ்வி இழுத்து வரும், தூண்டிலிலிருந்து நழுவும் மீனைப் பாய்ந்து பிடிக்கும். 19ஆம் நூற்றாண்டில் மீன் ஏற்றிய கப்பல்களோடு அது இங்கிலாந்தின் பூல் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. அங்கே மாம்ஸ்பரி பிரபுக்கள் அதை விரும்பி வளர்த்து வாத்து வேட்டைக்குப் பழக்கினார்கள். 1880களில் அவர்கள் வளர்ப்பிலிருந்து ஸ்காட்லாந்தின் பக்ளூ கோமகனிடம் போன சில நாய்களின் வழி வந்ததுதான் இன்றைய லாப்ரடார். 1903இல் நாய் இனங்களைப் பதிவுசெய்யும் இங்கிலாந்தின் கென்னல் கிளப் அதைத் தனி இனமாக ஏற்றுக்கொண்டது. தாய் இனமான செயின்ட் ஜான்ஸ் நாய் இப்போது இல்லை, அற்றுப்போய்விட்டது.

வேட்டையில் அதற்கு என்ன வேலை என்று பாருங்கள். துப்பாக்கிக்காரர் பக்கத்தில் சத்தம் போடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். வாத்து எங்கே விழுந்தது என்று பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். "போ" என்றதும் பனித்தண்ணீரில் குதித்து, பல் பதியாமல் கவ்விக்கொண்டு வந்து கையில் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டு அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும். தானே கொன்று தானே தின்னும் நாய் இந்த வேலைக்கு ஆகாது. கொண்டுவந்ததைக் கொடுக்க மாட்டேன் என்று உறுமும் நாயும் ஆகாது. மனிதனுக்குக் கொடுப்பதில் சுகம் காணும் நாயைத்தான் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள்.

அதனால் உங்கள் வீட்டில் குட்டி செருப்பைக் கவ்விக்கொண்டு ஓடினால் அது சேட்டை மட்டும் அல்ல, குலத்தொழில். நீங்கள் கத்திக்கொண்டு துரத்தினால் அதற்கு அது திருவிழா. துரத்தாமல் குனிந்து உட்கார்ந்து, சிரித்த முகத்தோடு "கொண்டா" என்று கூப்பிட்டு, வந்ததும் ஒரு துண்டு கேரட்டைக் கொடுத்து வாங்கினால் ஒரே வாரத்தில் வீட்டில் தொலைந்த பொருளெல்லாம் உங்கள் மடியில் வந்து விழும். சிலர் செருப்பைப் பிடுங்கிவிட்டு நாலு அடி வைப்பார்கள். அதிலிருந்து குட்டி கற்றுக்கொள்வது செருப்பைத் தொடக்கூடாது என்பதை அல்ல. கவ்வியதைக் கட்டிலுக்கு அடியில் கொண்டுபோய் ஒளிந்து கடிக்க வேண்டும் என்பதை.

காவல் காக்குமா என்று சிலர் கேட்பார்கள். உங்கள் கேள்வியில் அது இல்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். பெல் அடித்தால் குரைக்கும். கதவைத் திறந்தால் வந்தவர் யாராக இருந்தாலும் வாலாட்டி உள்ளே கூட்டிவரும். வேட்டைக்கு வந்த அந்நியர்கள் மத்தியில் வேலை செய்ய உருவான நாய் அது. காவல்தான் முக்கியம் என்றால் கோம்பை, ராஜபாளையம் போன்ற நம் நாட்டு நாய்கள் இருக்கின்றன. ஆனால் அவை தன் புத்தியில் முடிவெடுக்கும் நாய்கள், அவற்றுக்கு இடமும் வேண்டும். மூன்றாம் மாடி ஃபிளாட்டுக்கு நான் சொல்ல மாட்டேன்.

சரி, சொன்னால் கேட்குமா? ஸ்டான்லி கோரன் என்ற மனோதத்துவப் பேராசிரியர் வட அமெரிக்காவில் நாய்ப் போட்டி நடுவர்கள் சுமார் 200 பேரிடம் கருத்துக் கேட்டு 1994இல் ஒரு தரவரிசை வெளியிட்டார். அதில் லாப்ரடாருக்கு ஏழாவது இடம். பார்டர் கோலி, பூடில், ஜெர்மன் ஷெப்பர்ட், கோல்டன் ரெட்ரீவர், டாபர்மேன், ஷெட்லாண்ட் ஷீப்டாக் ஆகியவை அதற்கு முன்னால். விற்பவர்கள் இதை அடிக்கடி எடுத்துக் காட்டுவார்கள். ஆனால் அது போட்டி மேடையில் நடுவர்கள் பார்த்ததன் தொகுப்பு. மேடைக்கு வருவது பழக்கிய நாய்கள்தானே!

2022இல் அமெரிக்காவில் 18,000க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி வளர்ப்பவர்களிடம் கேட்டு, அவற்றில் இரண்டாயிரத்துச் சொச்சம் நாய்களின் மரபணுவையும் படித்துப் பார்த்த ஓர் ஆய்வு வந்தது. ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் குணத்தில் இருக்கும் வேறுபாட்டில் இனம் விளக்குவது சராசரியாக 9 சதவீதம்தான் என்றது அது. மனிதன் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கும் குணத்தில் மட்டும் இனத்தின் பங்கு மற்றவற்றைவிடக் கூடுதலாகத் தெரிந்தது. அதாவது, லாப்ரடார் வாங்கினால் "இவர் என்ன சொல்கிறார்" என்று முகத்தைப் பார்க்கும் நாய் கிடைக்க வாய்ப்பு அதிகம். அது சாதுவாக இருக்குமா, பயந்தாங்கொள்ளியாக இருக்குமா, கத்திக்கொண்டே இருக்குமா என்பதையெல்லாம் இனத்தின் பெயர் சொல்லாது. பெற்றோர், குட்டிப் பருவம், உங்கள் வீடு இவைதான் சொல்லும்.

சோற்று ஆசைக்கு வருவோம். வேறு எந்த நாயைப் பற்றியும் இப்படி ஓர் ஆய்வு எனக்குப் பிடித்ததில்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் எலினார் ராஃபன் என்ற கால்நடை மருத்துவரும் அவர் குழுவும் 2016இல் கண்டுபிடித்தது: ஏறக்குறைய நாலில் ஒரு லாப்ரடாருக்கு பி.ஓ.எம்.சி. என்ற மரபணுவில் ஒரு சிறு துண்டு குறைகிறது. "வயிறு நிறைந்தது, போதும்" என்று மூளைக்குச் சொல்லும் வழியில் அந்த மரபணுவுக்குப் பங்கு உண்டு. துண்டு குறைந்த நாய்கள் எடை கூடுதல், சோற்றின் மேல் கவனம் கூடுதல். சுவாரசியம் இனிமேல்தான். ஊனமுற்றோருக்கு உதவப் பழக்கும் லாப்ரடார்களைச் சோதித்தபோது அந்தக் குறை நாலில் மூன்று நாய்களில் இருந்தது. பழக்குவதற்கு ஏற்ற நாய் என்று பொறுக்கி எடுத்தவர்கள் தங்களை அறியாமலே பசி அடங்காத நாய்களைப் பொறுக்கியிருக்கிறார்கள்! தீனிக்காக எதையும் செய்யும் நாய்க்குத்தானே சொல்லிக்கொடுப்பது சுலபம்.

2024இல் அதே குழு இன்னொன்றையும் சொன்னது. நாய்களுக்கு டின் உணவை இருபது நிமிடத்துக்கு ஒரு முறை, போதும் என்று நிறுத்தும்வரை கொடுத்துக்கொண்டே போனார்கள். மரபணு குறைந்த நாய்கள் மற்ற நாய்களைவிட அதிகம் தின்னவில்லை. ஆனால், சாப்பிட்டுச் சில மணி நேரம் கழித்து, ஓட்டை போட்ட கண்ணாடி மாதிரிப் பெட்டிக்குள் ஒரு சாசேஜை வைத்து மூடிக் காட்டியபோது, அதை எடுக்க அவை விடாமல் முயன்றன. வயிறு நிறையாததல்ல பிரச்சினை, நிறைந்த வயிறு சீக்கிரம் பசிப்பதுதான். போதாக்குறைக்கு, ஓய்வில் இருக்கும்போது அவற்றின் உடல் செலவழிக்கும் சக்தி சுமார் 25 சதவீதம் குறைவு.

உங்கள் வீட்டுக்கு இதில் இரண்டு செய்தி. முதலாவது, மாமியாரிடம் இப்போதே பேசிவிடுங்கள். சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, உலகத்திலேயே தனக்குத்தான் சோறு கிடைக்காதது போல அது பார்க்கும் பார்வைக்குப் பாட்டிகள் தாங்க மாட்டார்கள். ஒரு இட்லி, ஒரு பிஸ்கட், தயிர் சோற்றில் கடைசிக் கவளம். ஒரு வருடத்தில் நாய்க்கு இடுப்பே தெரியாது. அமெரிக்காவில் 48 லாப்ரடார்களைக் குட்டியிலிருந்து ஜோடி ஜோடியாக வளர்த்து, ஜோடியில் ஒன்றுக்கு மட்டும் 25 சதவீதம் உணவைக் குறைத்துப் பார்த்தார்கள். 2002இல் வெளியான முடிவு: குறைத்துத் தின்ற நாய்கள் ஏறக்குறைய இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன, மூட்டு வலியும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. பாசத்தைக் காட்ட வேண்டுமென்றால் காதைச் சொறிந்துவிடச் சொல்லுங்கள். வெங்காயம், திராட்சை, சாக்லேட் மூன்றும் நாய்க்கு விஷம் என்பதைப் பையனிடமும் சொல்லி வையுங்கள்.

இரண்டாவது, அன்றன்றைய உணவை எடுத்து வைத்து அதிலிருந்தே பழக்குவதற்கும் எடுங்கள். கிண்ணத்தில் கொட்டி நகர்ந்துவிடாதீர்கள். காலை உணவில் ஒரு கை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் திரும்பிப் பார்த்தால் ஒன்று, உட்கார்ந்தால் ஒன்று. தனியாக ட்ரீட் வாங்கித் தின்னக் கொடுத்துவிட்டு எடை ஏறியதென்று வருத்தப்படும் வேலை இருக்காது.

முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டியது எது என்று கேட்டால் பலரும் 'சிட்' என்பார்கள். உட்கார லாப்ரடார் தானே கற்றுக்கொள்ளும். நான் 'விடு'வில் தொடங்குவேன். தரையில் கிடப்பதையெல்லாம் விழுங்கும் நாய் இது. சாக்ஸ், மாங்கொட்டை, சோளக்கட்டை என்று விழுங்கிக் குடலில் அடைத்து ஆபரேஷன் வரை போவது அரிது அல்ல.

எப்படி என்று சொல்கிறேன். மூடிய கையில் ஒரு உருண்டை உணவை வைத்துக் குட்டியின் மூக்குக்கு நேரே நீட்டுங்கள். நக்கும், முட்டும், பல்லால் சுரண்டும், காலால் பிறாண்டும். ஒன்றும் சொல்லாதீர்கள், கையையும் இழுக்காதீர்கள். ஒரு கட்டத்தில் அலுத்துப்போய் மூக்கை ஒரு அங்குலம் பின்னால் எடுக்கும். அந்தக் கணமே "சபாஷ்" என்று சொல்லி மற்ற கையிலிருந்து ஒன்றைக் கொடுங்கள். மூடிய கையில் இருப்பதை எப்போதும் கொடுக்கக்கூடாது; வேறு கையிலிருந்துதான் வர வேண்டும். சில முறையிலேயே கையைப் பார்த்ததும் குட்டி தலையைத் திருப்பிக்கொண்டு உங்கள் முகத்தைப் பார்க்கும். அப்போதுதான் "விடு" என்ற சொல்லைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்து விரித்த கையில். அடுத்து தரையில், உங்கள் கால் அதை மூடத் தயாராக. அடுத்து வாக்கிங் போகும் வழியில். ஒவ்வொரு படிக்கும் சில நாள் கொடுங்கள். ஒரு தடவைக்கு மூன்று நான்கு நிமிடம் போதும், குட்டிக்கு அதற்கு மேல் பொறுமை கிடையாது. "விடு" என்று பத்துத் தடவை கத்தினால் பத்தாவது தடவைதான் விட வேண்டும் என்று அது கற்றுக்கொள்ளும். ஒரே தடவை சொல்லிக் காத்திருங்கள்.

வீட்டில் எல்லாரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும். அப்பா 'கம்', அம்மா 'இங்க வா', பாட்டி 'வாடா தங்கம்' என்று மூன்று விதமாகக் கூப்பிட்டால் நாய் மூன்றையும் விட்டுவிட்டு பிஸ்கட் டப்பாச் சத்தத்துக்கு மட்டும் வரும். தமிழில் சொன்னாலும் ஆங்கிலத்தில் சொன்னாலும் அதற்கு ஒன்றுதான். சமையலறை அலமாரியில் ஒரு தாளில் சொற்களை எழுதி ஒட்டிவிடுங்கள். உங்கள் பெண்ணுக்கு ஒன்பது வயது. அந்தத் தாளுக்கு அவள்தான் பொறுப்பு என்று சொல்லிப் பாருங்கள், பெரியவர்கள் தப்பு செய்தால் உடனே பிடித்துவிடுவாள்.

அடித்துப் பழக்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. "நீதான் தலைவன் என்று காட்டணும்" என்று சொல்லி செயினைச் சுண்டி இழுப்பவர்கள், குட்டியைப் புரட்டிப்போட்டு அழுத்துபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2020இல் போர்ச்சுகலில் 92 நாய்களை வைத்துச் செய்த ஆய்வில், தண்டித்துப் பழக்கும் பள்ளிகளின் நாய்களிடம் பதற்றத்தின் அறிகுறிகளும் உமிழ்நீரில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனின் ஏற்றமும் கூடுதலாக இருந்தன. லாப்ரடாரில் இதன் விளைவு சட்டென்று தெரியாது, அதுதான் சிக்கல். அடித்தாலும் வாலாட்டிக்கொண்டு வரும். காதைப் பின்னுக்கு மடித்து, உடலைத் தாழ்த்தி, வாலின் நுனியை மட்டும் வேகமாக ஆட்டினால் அது சந்தோஷம் அல்ல, கெஞ்சல். பணம் கொடுத்து ஆள் வைப்பதாக இருந்தால் முதல் வகுப்பில் நீங்கள் கூடவே நில்லுங்கள். "நாயை ஒரு மாதம் எங்களிடம் விட்டுவிடுங்கள், பழக்கித் தருகிறோம்" என்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பழக வேண்டியது நாய் மட்டும் இல்லையே.

இப்போது கொஞ்சம் கசப்பான பகுதி. ஐந்து மாதத்தில் எல்லாம் கேட்கும் குட்டி எட்டாம் மாதத்தில் காது கேட்காதது போல நடிக்கும். நடிப்பு என்று சும்மா சொல்லவில்லை. இங்கிலாந்தில் வழிகாட்டி நாய்களாக வளர்க்கப்பட்ட லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், இரண்டின் கலப்புக் குட்டிகளை ஐந்து மாதத்திலும் எட்டு மாதத்திலும் சோதித்தார்கள். 2020இல் வந்த அந்த முடிவின்படி, எட்டு மாதத்தில் 'உட்கார்' என்று வளர்ப்பவர் சொன்னபோது கேட்பது குறைந்தது. முன்பின் தெரியாதவர் சொன்னபோது குறையவில்லை. பதின்வயதுப் பிள்ளை வளர்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ஒரு வயதை ஒட்டிப் பெரும்பாலும் சரியாகிவிட்டது. லாப்ரடாரின் துள்ளல் முழுக்க அடங்க இரண்டு, சிலவற்றுக்கு மூன்று வயது ஆகும். உடம்பு முப்பது கிலோவுக்கு வளர்ந்திருக்கும், புத்தி குட்டியாகவே இருக்கும் காலம் அது. வேண்டாம் என்று நாய்களைத் தள்ளிவிடுவதும் இந்த வயதில்தான். அந்த மாதங்களில் புதிதாக எதையும் சொல்லிக்கொடுக்க மெனக்கெடாதீர்கள். பழையதையே எளிதாக்கி, நல்ல தீனி கொடுத்து ஓட்டுங்கள். பார்வையற்றவர்களுக்கான அமைப்புகளே குட்டியை ஒரு வருடத்துக்கு மேல் குடும்பங்களில் வளர்த்துவிட்டு, அப்புறம்தான் முறையான பயிற்சிக்கு எடுக்கின்றன.

உங்கள் வீட்டில் என்னை அதிகம் யோசிக்க வைப்பது பிள்ளைகள் அல்ல, மாமியார். ஆண் லாப்ரடார் 29 முதல் 36 கிலோ, பெண் 25 முதல் 32 கிலோ. பாசத்தில் ஒரு தாவு தாவினாலும் முழங்கால் வலிக்காரர் விழுந்துவிடுவார். அதனால் குட்டி சின்னதாக இருக்கும்போதே விதியை வைத்துவிடுங்கள்: நாலு காலும் தரையில் இருந்தால்தான் தடவல், பேச்சு, தீனி எல்லாம். தாவினால் திட்டுவதுகூட அதற்குக் கவனிப்புதான், முகத்தைத் திருப்பிக்கொண்டு நில்லுங்கள். பெல் அடித்தால் கதவைத் திறப்பதற்கு முன்னால் பாயில் போய் உட்கார வேண்டும் என்று பழக்குங்கள். வீட்டு ஆட்களே வெளியே போய் பெல் அடித்துப் பழக்கலாம். பிள்ளைகள் இதை விளையாட்டாகவே செய்வார்கள். செயினை இழுக்கும் பழக்கம் முற்றிலும் போகும்வரை மாமியார் தனியாக வாக்கிங் கூட்டிப்போகவே கூடாது.

நாலு வயதுப் பையன் விஷயத்தில் "லாப்ரடார் கடிக்காது" என்று யார் சொன்னாலும் தலையாட்டிவிட்டு மறந்துவிடுங்கள். பல் இருக்கும் எந்த நாயும் கடிக்கும். குட்டியில் ஊசிப் பல்லால் எல்லாவற்றையும் கவ்வும், நாலைந்து மாதத்தில் பல் விழுந்து முளைக்கும்போது இன்னும் அதிகம். பையன் கத்திக்கொண்டு ஓடினால் பின்னாலேயே ஓடிக் கவ்வும். அவனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியது ஒன்றுதான்: மரம் மாதிரி நில், கையைக் கட்டிக்கொள். வளர்ந்த பிறகு ஆபத்து வேறு விதம். தூங்கும் நாய் மேல் விழுவது, தின்னும்போது கிண்ணத்தில் கை விடுவது, கழுத்தைக் கட்டிக்கொள்வது. லாப்ரடார் ரொம்பப் பொறுக்கும் என்பதாலேயே பெரியவர்கள் கவனிக்காமல் விடுவார்கள். முகத்தைத் திருப்புவது, உதட்டை நக்குவது, தூக்கம் வராதபோது கொட்டாவி விடுவது, கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்ப்பது, உடம்பு விறைப்பது, இவையெல்லாம் "போதும்" என்று அது சொல்லும் விதம். யாரும் கேட்காதபோதுதான் உறுமும். உறுமியதற்காக அடித்தால் அடுத்த முறை உறுமாமலே கடிக்கும். பெரியவர் இல்லாத அறையில் பையனையும் நாயையும் சேர்த்து விடாதீர்கள். வீட்டு நாயின் பல் பட்டாலும் சோப்பும் ஓடும் தண்ணீரும் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். மூன்று மாதத்தில் போடும் ரேபிஸ் ஊசியும் பின்பு மருத்துவர் சொல்லும் பூஸ்டரும் தவறவே கூடாது.

குட்டி உலகத்தைப் பயமில்லாமல் பார்க்கப் பழகும் காலம் மிகக் குறைவு, ஏறக்குறைய மூன்றாவது வாரத்திலிருந்து பதினாலாவது வாரம் வரை. தடுப்பூசி முடியும்வரை தெருவில் இறக்கக்கூடாது என்பார்கள், அது சரிதான். ஆனால் தூக்கிக்கொண்டு போகலாமே. ஹெல்மெட் போட்டவர், குடை பிடித்தவர், ஆட்டோச் சத்தம், குக்கர் விசில், லிஃப்ட் கதவு எல்லாவற்றையும் மடியில் இருந்தபடி பார்க்கட்டும். துப்பாக்கிச் சத்தத்துக்கு அசையாத இனம் என்று நினைத்து தீபாவளிக்கு அப்படியே விட்டுவிடாதீர்கள். வெடிக்கு நடுங்கும் லாப்ரடார்கள் நிறைய உண்டு.

மாடிப்படியைப் பொறுத்தவரை லிஃப்ட் இருப்பது நல்லது. நார்வேயில் லாப்ரடார் உட்பட நாலு பெரிய இனங்களைப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்றில், மூன்று மாதம் ஆகும் முன் தினமும் படி ஏறி இறங்கிய குட்டிகளுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு வரும் வாய்ப்பு கூடியது; மெத்தென்ற தரையில் கட்டில்லாமல் ஓடியாடிய குட்டிகளுக்குக் குறைந்தது. குட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்குங்கள், தெரு நாய் வராத புல்தரையில் விடுங்கள். வளர்ந்த நாய்க்குக் காலை, மாலை இரு வேளையும் நல்ல நடை வேண்டும். கோடையில் வெயில் ஏறும் முன்னும் இறங்கிய பின்னும் மட்டும். பனிக்கடலுக்கு உருவான இரட்டை ரோமத்தோடு நம் ஊர் ஏப்ரலில் நடக்கிறது அது. புறங்கையைத் தார்ச்சாலையில் வைத்துப் பாருங்கள், ஐந்து விநாடி பொறுக்க முடியாவிட்டால் அதன் பாதமும் பொறுக்காது. நடையைவிட மூக்குக்கு வேலை கொடுப்பது நாயைச் சீக்கிரம் களைக்க வைக்கும். உணவைத் துண்டுத் துணியில் சுருட்டி, வீட்டின் மூலைகளில் ஒளித்துத் தேடச் சொல்லுங்கள். மும்பையில் 1993 குண்டுவெடிப்புகளின்போது வெடிக்காத குண்டுகளை மோப்பம் பிடித்த போலீஸ் நாய் சஞ்சீரும் லாப்ரடார்தான். அந்த மூக்குக்கு சமையலறை பிஸ்கட் ஒரு பொருட்டா?

நிறத்தைப் பற்றிக் கேட்டீர்கள். கருப்பு, மஞ்சள், சாக்லேட் என மூன்றுதான். இளம் சந்தன நிறமும் நரிச் சிவப்பும் மஞ்சளில் அடங்கும். இங்கிலாந்தின் கால்நடை மருத்துவப் பதிவுகளை வைத்து 2018இல் வந்த ஆய்வில் சாக்லேட் நாய்களின் ஆயுள் நடுமதிப்பு 10.7 வருடம், மற்ற நிறங்களுக்கு 12.1 வருடம். காது, தோல் தொல்லையும் சாக்லேட்டில் கூடுதல். அந்த நிறம் வேண்டும் என்றே குறுகிய வட்டத்தில் இனம் சேர்ப்பது காரணமாக இருக்கலாம் என்றார்கள். எனக்கு கருப்புதான் பிடிக்கும், அது வேறு விஷயம். ஆண், பெண் வித்தியாசம் பழக்குவதில் பெரிதாக இல்லை. மாமியாரை நினைத்து எடை குறைந்த பெண்ணைச் சொல்வேன்.

நிறத்தைவிட வம்சம் முக்கியம். வேலைக்கான வம்சம் ஒல்லியாக, நீண்ட காலோடு, ஓயாத சுறுசுறுப்போடு இருக்கும். கண்காட்சி வம்சம் கட்டையாக, சற்று நிதானமாக இருக்கும். நம் ஊரில் விற்பது பெரும்பாலும் இரண்டாவது சாயல். "டபுள் போன்" என்று கூடுதல் விலை சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். எந்த நாய்க்கும் இரட்டை எலும்பு கிடையாது, குண்டான குட்டிக்கு வைத்த பெயர் அது. எட்டு வாரத்துக்கு முன் தாயைப் பிரிக்கும் ஆளிடம் வாங்காதீர்கள். தாய் நாயைக் கண்ணால் பாருங்கள், அதுதான் உங்கள் குட்டியின் குணத்துக்கு இருக்கும் நல்ல சாட்சி. அந்நியரைக் கண்டு மூலையில் ஒதுங்கும் தாயின் குட்டி வேண்டாம். பெற்றோரின் இடுப்பு எக்ஸ்ரேவைக் கேளுங்கள். பலர் விழிப்பார்கள், எடுத்து வைத்திருப்பவர் கிடைத்தால் விடாதீர்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு உங்கள் வீட்டுக்கு நேரடியாக ஒன்று சொல்கிறேன். இருவரும் வேலைக்குப் போகிறீர்கள். பகல் முழுக்கக் குட்டியோடு இருக்கப்போவது மாமியார். எட்டு வாரக் குட்டியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒன்றுக்குக் கூட்டிப்போவதும், குனிந்து ஈரம் துடைப்பதும் முழங்கால் வலிக்காரருக்கு ஆகாது. ஆள் வைக்க முடியும் என்றால் குட்டி வாங்குங்கள். முடியாது என்றால் மூன்று வயதுக்கு மேற்பட்ட லாப்ரடாரைத் தத்தெடுங்கள். வெளிநாடு போகிறவர்கள், வீடு மாறுகிறவர்கள், இனவிருத்திக்கு வைத்திருந்து விட்டவர்கள் என்று நல்ல நாய்கள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. பெரிய நாய் புது வீட்டில் பழகாது என்பது லாப்ரடாருக்குப் பொருந்தவே பொருந்தாது. பார்க்கப் போகும்போது பையனையும் கூட்டிப்போங்கள். அவனைப் பார்த்ததும் நாய் மேலே தாவுகிறதா, மோந்துவிட்டு நிற்கிறதா என்று கவனியுங்கள். அது தின்னும்போது பழைய வீட்டுக்காரரைக் கிண்ணத்தின் அருகே நடக்கச் சொல்லிப் பாருங்கள், நீங்கள் செய்ய வேண்டாம். செயினைப் பிடித்துத் தெருவில் நூறு அடி நடந்து பாருங்கள். தனியாக விட்டால் எவ்வளவு நேரம் இருக்கும், வெடிச் சத்தத்துக்கு என்ன செய்யும், உண்ணிக் காய்ச்சல் வந்ததுண்டா, காதில் சீழ் வைக்குமா, ஊசி அட்டை இருக்கிறதா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறோம் என்று கேட்டால் நாயின் நலனை நினைப்பவர்கள் ஒப்புக்கொள்வார்கள்.